இடாப்பில் வெட்டப்பட்ட பெயர்கள்: கோதாரி முதல் கொரோனா வரை

பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் இரவில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை அலுவலகங்களில் எவருக்கும் உறக்கம் இராது. புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என எந்தப் பரீட்சையாயினும், அதிபர்களும் தனியார் கல்வி நிலையங்களின் உரிமையாளர்களும் பெற்றோரும் மாறி மாறித் தொலைபேசியில் அழைத்தபடி இருப்பார்கள். மறுநாட் காலை, வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாகப் பிள்ளைகளின் படங்கள் பக்கம் பக்கமாக வரும். முப்பது ஆண்டுகளாக இப்பக்கங்களை நிரப்பியவர்களுள் நானும் ஒருவன். அந்தப் படங்களைப் பார்த்துப் பெருமையும் அடைந்திருக்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கொரோனாவுக்குப் பிந்திய பெறுபேறு ஒன்று வெளியான மறுநாள், வடமராட்சியைச் சேர்ந்த இளைப்பாறிய அதிபர் ஒருவரைத் திருமண வீடொன்றில் சந்தித்தேன். பத்திரிகையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"தம்பி, படம் வந்த பிள்ளையளை எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். இடாப்பிலை வெட்டுப்பட்ட பிள்ளையளைப் பற்றி ஆர் எழுதுறது?" என்று கேட்டார்.

நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்குத் தாமதமாக எழுதப்படும் பதில். பெருந்தொற்று ஒன்று பிள்ளைகளின் படிப்பையும் மனத்தையும் எவ்வளவு காலத்துக்குத் தொடர்கின்றது என்பதை விளங்கிக்கொள்ள, எமது குடாநாட்டின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் புரட்ட வேண்டியிருக்கின்றது.

கோதாரி என்றொரு சொல்

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எவரும் "கோதாரி" என்ற சொல்லைக் கேளாமல் வளர்ந்திருக்க முடியாது. குறும்பு செய்யும் பேரனைப் பாட்டி "கோதாரி விழுவான்" என்று ஏசுவார். எரிச்சலூட்டும் எந்தப் பொருளும் "கோதாரி"தான். இன்று அது வெறும் வசைச்சொல். ஆனால் அச்சொல் ஒரு காலத்தில் ஊர்களை வெறுமையாக்கிய வாந்திபேதியைக் குறித்தது. நோய் போய்விட்டது; அதன் பெயர் மட்டும் பிள்ளைகளை ஏசும் சொல்லாக எஞ்சியிருக்கின்றது.

1817 ஆம் ஆண்டு வங்காளத்தில் தொடங்கிய முதலாவது கொலராப் பெருந்தொற்று ஓரிரு ஆண்டுகளுக்குள் இலங்கையையும் எட்டியது. அதன் பின்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அது மீண்டும் மீண்டும் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குத் தொழிலாளர் நடந்துசென்ற வடக்குப் பாதை, தோணிகள் வந்துபோன துறைமுகங்கள், திருவிழாக் கூட்டங்கள், மூடப்படாத கிணறுகள் ஆகிய யாவும் அந்நோய்க்கு வழிவிட்டன. 1860களின் நடுப்பகுதியிலும் 1870களிலும் குடாநாடு பெருந்துயரைக் கண்டது.

இதே நூற்றாண்டுதான் யாழ்ப்பாணக் கல்வியின் பொற்காலம் என எழுதப்பட்டும் பேசப்பட்டும் வருகின்றது. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினறியையும், 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை ஆரம்பித்தார். பாடசாலைகள் பெருகிய காலமும் கொள்ளைநோய் சுற்றிவந்த காலமும் ஒன்றே என்பதை நாம் சேர்த்து நினைப்பதில்லை.

நோயும் கல்வியும் ஒன்றையொன்று சந்தித்த இடங்கள் பல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்தபடி உள்ளூர் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். காலப்போக்கில் அதனைத் தமிழிலேயே கற்பித்ததோடு மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். 1873 இல் அவர் நாடு திரும்பும்போது அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று வெளியேறியிருந்தனர். யாழ்ப்பாணத்தில் இன்று போதனா வைத்தியசாலையாக விளங்கும் நிறுவனத்தின் தொடக்கமும், அரசாங்க அதிபர் டைக் அவர்களின் காலத்தில், 1850 இல் இடப்பட்டதாகும்.

நாவலர் விடயத்தில் கவனிக்கத்தக்க வேறொரு செய்தி உண்டு. 1870களின் பிற்பகுதியில் பஞ்சமும் அதனோடு நோயும் யாழ்ப்பாணத்தை வாட்டியபோது, பாடசாலை நடத்தியவரும் பாடநூல் அச்சிட்டவருமான அவர் கஞ்சித் தொட்டி தருமம் நடத்தினார். எழுத்தறிவித்தலையே வாழ்நாட்பணியாகக் கொண்டவர், பசித்த வயிற்றுக்கு முன்னால் புத்தகத்தை ஒருபக்கம் வைத்துவிட்டு அகப்பையைக் கையில் எடுத்தார். பிள்ளை பாடசாலைக்கு வருவதற்கு முன்னர் உயிரோடும் வயிற்றில் ஏதேனும் ஒன்றோடும் இருக்க வேண்டும் என்ற எளிய கணக்கு அது. இதனை ஏன் இங்கு நினைவூட்டுகின்றேன் என்பது பின்னர் விளங்கும்.

ஆயினும் அக்காலத்து அறிக்கைகளையும் குறிப்புகளையும் நான் படித்த அளவில், அவை பெரும்பாலும் இறந்தோரின் தொகையோடு நின்றுவிடுகின்றன. தாயை இழந்தபின் தம்பி தங்கையரைப் பார்க்கப் பாடசாலையை விட்ட மூத்த பெண்பிள்ளை, தகப்பன் போனபின் தோட்டத்துக்கு இறங்கிய பத்து வயதுப் பையன் ஆகியோருக்கு அக்குறிப்புகளில் வரி இல்லை.

அறுபது ஆண்டுகள் கழித்து வந்த கணக்கு

பெருந்தொற்று ஒன்றின் தழும்பைப் பிள்ளைகளிடம் அளந்துபார்க்க முடியும் என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. 1918 ஆம் ஆண்டின் இன்புளுவென்சா உலகெங்கும் கோடிக்கணக்கானோரைக் கொன்றது. இலங்கையும் தப்பவில்லை. அந்நோய் ஓரிரு ஆண்டுகளில் அடங்கியது; உலகமும் அதனை மறந்தது.

2006 ஆம் ஆண்டில் டக்ளஸ் அல்மொண்ட் என்னும் பொருளியல் ஆய்வாளர் அமெரிக்காவின் 1960, 1970, 1980 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடுகளை ஆராய்ந்து ஒரு முடிவை வெளியிட்டார். தொற்று உச்சத்திலிருந்த மாதங்களில் தாயின் வயிற்றில் இருந்தவர்கள், சற்று முன்னரும் பின்னரும் பிறந்தவர்களைவிடக் குறைவாகவே படித்திருந்தனர், குறைவாகவே உழைத்தனர், உடற்குறைபாடும் அவர்களிடையே கூடுதலாக இருந்தது. தொற்றுக்கு ஆளான தாய்மாரின் பிள்ளைகள் உயர்நிலைப் பாடசாலையை முடிக்கும் வாய்ப்பு 15 சதவீதம் வரை குறைந்திருந்ததாக அவர் கணித்தார்.

பிறக்கும் முன்னரே வந்துபோன நோய் ஒன்று, அறுபது வயதுக்காரரின் வருமானத்திலும் தெரிந்தது. பெருந்தொற்று முடிவுக்கு வந்த நாள் என்று எதனை நாம் குறிக்கின்றோமோ, அது வைத்தியசாலைகளுக்கு மட்டுமே பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 ஆம் திகதி கொரோனா அவசரநிலையை முடித்துவைத்தது. பிள்ளைகளின் கணக்கு அப்போதுதான் தொடங்கியிருந்தது.

ஜாம் போத்தல் விளக்கின் பெருமை

"செல்லடிக்குள்ளையே படிச்ச பிள்ளையள், கொரோனா என்ன செய்யும்?" என்ற பேச்சை 2020 இல் யாழ்ப்பாணத்தில் பலரிடம் கேட்டேன். நானே அவ்வாறு எழுதியிருக்கின்றேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்பேச்சுக்குக் காரணம் உண்டு. 1990 இன் பின்னர் மின்சாரமில்லாத, மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய குடாநாட்டில், ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் திரியும் இட்டுச் செய்த விளக்கின் ஒளியில் ஒரு தலைமுறை படித்தது. எனது பல்கலைக்கழகப் படிப்பும் அவ்வொளியில்தான் நடந்தது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியபோது பாடசாலைகளும் சேர்ந்தே இடம்பெயர்ந்தன. தென்மராட்சியிலும் வடமராட்சியிலும் காலையில் ஒரு பாடசாலை, அதே கட்டடத்தில் மாலையில் வேறொரு பாடசாலை என்று வகுப்புகள் நடந்தன. இடமில்லாதபோது மாமர நிழலும் கோயில் மடமும் வகுப்பறைகளாயின. பரீட்சை எழுதினார்கள், சித்தியும் எய்தினார்கள்.

இவையெல்லாம் உண்மை. ஆனால் முழு உண்மை அன்று. அந்தக் காலத்திலும் நாம் சித்தியெய்தியவர்களையே எண்ணினோம்.

எனது பாடசாலைத் தோழன் ஒருவனின் தம்பி அப்போது எட்டாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் இருந்த ஆறு மாதங்களில் சைக்கிளில் பாண் கொண்டுபோய் விற்கத் தொடங்கினான். 1996 இல் ஊர் திரும்பியபின் பாடசாலை திறந்தது, அவன் போகவில்லை. இன்று மேசன் வேலை செய்யும் அவர், கட்டட வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை கல், எத்தனை பை சீமெந்து என்று மனத்திலேயே கணக்கிட்டுச் சொல்லுவார். ஜாம் போத்தல் விளக்கின் பெருமையைப் பேசும்போதெல்லாம் எனக்கு அவருடைய முகம் நினைவுக்கு வருவதுண்டு.

போருக்கும் பெருந்தொற்றுக்கும் இடையில் உள்ள ஒரு வேறுபாட்டை 2020 இல் நாம் கவனிக்கத் தவறினோம். போர் எம்மைக் கூட்டமாக ஓடச் செய்தது. ஒரே மடத்தில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தார்கள். ஆசிரியரும் அகதி, பிள்ளையும் அகதி. காலையில் எழுந்ததும் "எடேய், வாடா" என்று கூப்பிட ஒருவர் இருந்தார். தொற்றோ ஒருவரை ஒருவர் நெருங்குவதையே குற்றமாக்கியது. எந்தச் சேர்க்கையினால் எமது பிள்ளைகள் போருக்குள்ளும் தப்பிப் பிழைத்தார்களோ, அந்தச் சேர்க்கையைத்தான் நோய் முதலில் பறித்தது.

இலவசக் கல்வியின் வாசலில் ஒரு கட்டணம்

2020 மார்ச் மாதம் இலங்கையில் உள்ளூர்த் தொற்று உறுதிசெய்யப்பட்டதும் பாடசாலைகள் மூடப்பட்டன. அதே மாதத்தில் அரியாலையில் நடந்த மத ஆராதனை ஒன்றின் வழியாகத் தொற்று யாழ்ப்பாணத்தையும் தொட்டது. மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, அபாயம் கூடிய ஆறு மாவட்டங்களுள் ஒன்றாக யாழ்ப்பாணமும் வைக்கப்பட்டது. ஊரடங்கு எமக்குப் புதிதன்று. பழைய ஊரடங்கில் வேலிப் பொட்டுக்குள்ளால் அயல்வீட்டுக்குப் போய் வந்த பிள்ளைகள், இந்த ஊரடங்கில் அதற்கும் அஞ்சினார்கள் என்பதுதான் புதிது.

அதன் பின்னர் பாடசாலை திறப்பதும் மூடுவதுமாகக் காலம் கழிந்தது. 2020 ஜூலையில் கட்டங்கட்டமாகத் திறந்தார்கள். ஒக்ரோபரில் இரண்டாவது அலையோடு மூடினார்கள். 2021 ஜனவரியில் மீண்டும் திறந்து ஏப்ரல் இறுதியில் மீண்டும் மூடினார்கள். அதே ஆண்டு ஜூலையில், நெடுங்காலமாகத் தீர்க்கப்படாத சம்பள முரண்பாட்டை முன்வைத்து ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றன. அப்போராட்டம் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தது. ஒக்ரோபர் 21 ஆம் திகதிதான் இருநூறுக்குக் குறைவான மாணவர்களைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் முதலில் திறந்தன.

இடைப்பட்ட காலத்தில் வகுப்பு சூம் திரைக்கும் வட்ஸ்அப், வைபர் குழுக்களுக்கும் இடம்பெயர்ந்தது. நேத்ரா தொலைக்காட்சியில் குருகுலம் என்ற பெயரில் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஆனால் இலங்கையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவான வீடுகளிலேயே கணினி இருந்த காலம் அது. பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒரேயொரு கைத்தொலைபேசி. அது தகப்பனின் சட்டைப்பையில் இருந்தது. அவர் கடலுக்கோ தோட்டத்துக்கோ கூலி வேலைக்கோ போனால் வகுப்பும் கூடவே போய்விடும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் எந்தப் பிள்ளைக்குத் தொலைபேசி என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பரீட்சை எழுதவிருந்த பிள்ளையே விடையாக இருந்தது. முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் தாமாகவே வரிசையின் கடைசிக்குப் போனார்கள். தீவகத்திலும் கரையோரக் கிராமங்களிலும் தொடர்பு கிடைக்கும் இடந்தேடிப் பிள்ளைகள் மதிலில் ஏறியதையும் மணல்மேட்டில் குந்தியிருந்ததையும் நேரிற் கண்டிருக்கின்றேன்.

1945 ஒக்ரோபரில் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, ஏழைப் பிள்ளையின் முன்னால் இருந்த கட்டணப் படலையைத் திறந்துவிட்டது. பாடநூலும் சீருடையும் பின்னர் இலவசமாயின. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, எந்தச் சட்டமும் மாற்றப்படாமலே, அந்த வாசலில் மீண்டும் ஒரு கட்டணம் விதிக்கப்பட்டது. இம்முறை அதன் பெயர் டேட்டா.

ஆசிரியர்களைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சொந்தப் பணத்தில் செயலட்டைகளைப் பிரதியெடுத்து, ஊர்ப் பலசரக்குக் கடையில் கொடுத்து, சாமான் வாங்க வரும் பெற்றோரிடம் சேர்ப்பித்த ஆசிரியைகளை நான் அறிவேன். சைக்கிளில் வீடு வீடாகச் சென்று படலையில் நின்று பாடம் சொன்ன ஆசிரியர் ஒருவரையும் அறிவேன். ஆனால் அவர்கள் தத்தம் மனச்சாட்சிப்படி அதனைச் செய்தார்கள். அதற்கெனத் திட்டமோ கட்டளையோ உதவியோ இருக்கவில்லை.

மேசன் வேலை செய்யும் நண்பர் தன் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து மகளுக்கு ஒரு திறன்பேசி வாங்கிக்கொடுத்தார். மகளும் அப்போது எட்டாம் ஆண்டு. சில மாதங்களின் பின்னர் அவள் வகுப்புகளுக்குள் நுழைவதை நிறுத்திவிட்டாள். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகின்றேன்: "அண்ணை, செல் விழுந்த நேரத்திலையும் வாத்தியார் சைக்கிளிலை வந்து என்னைக் கூப்பிட்டவர். நான்தான் போகேல்லை. இவள் நிண்டது ஒருத்தருக்கும் தெரியாது. திரையிலை பேர் இல்லாட்டி ஆர் தேடுறது?"

தளர்ந்துபோன நாட்காட்டி

கொரோனாவின் தழும்பு எல்லோருக்கும் தெரியும்படி கிடக்கும் ஓரிடம் பரீட்சை நாட்காட்டியாகும். 2019 வரை உயர்தரப் பரீட்சை ஓகஸ்டிலும் சாதாரண தரப் பரீட்சை டிசம்பரிலும் நடந்தன. 2020 ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரம் 2021 மார்ச்சில் நடந்தது. 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரம் 2022 பெப்ரவரியிலும், சாதாரண தரம் 2022 மேயிலும் நடந்தன. 2022 ஆம் ஆண்டுக்குரியவை 2023 இலும், 2023 ஆம் ஆண்டுக்குரியவை 2024 இலும் நடந்தன.

இதற்குள் பொருளாதார நெருக்கடியும் வந்து சேர்ந்தது. 2022 ஜூன், ஜூலை மாதங்களில் எரிபொருள் இன்மையால் பாடசாலைகள் மூடப்பட்டன. பின்னர் சில காலம் வாரத்தில் மூன்று நாட்களே நடந்தன. அரிசியும் பாணும் விலையேறின. கொப்பி வாங்குவதே பாரமாயிற்று. பட்டினியோடு வந்து காலைப் பிரார்த்தனையில் மயங்கி விழுந்த பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை அப்போது எழுத நேர்ந்தது. நாவலரின் கஞ்சித் தொட்டியை நான் நினைத்தது அந்நாட்களிலேதான்.

நாட்காட்டியைச் சரிசெய்ய எடுத்த முயற்சியின் பலனாக 2024 ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை அதே ஆண்டு நவம்பரிலும், 2025 ஆம் ஆண்டின் பரீட்சை அதே ஆண்டு நவம்பரிலும் தொடங்கின. ஆனால் நவம்பர் எமக்கு மாரி காலம். 2024 இல் வெள்ளம் பரீட்சையை இடைநிறுத்தியது. 2025 இல் டித்வா புயல் இடைநிறுத்தி, எஞ்சிய பாடங்களை 2026 ஜனவரிக்குத் தள்ளியது. நல்லூர்த் திருவிழாக் காலத்து வெயிலில் எழுதிய பரீட்சையைப் பிள்ளைகள் மழைக்குள் எழுத நேர்ந்ததும் பெருந்தொற்றின் தொடர்ச்சிதான் என்று சொன்னால் பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

இத்தாமதம் எல்லோரையும் ஒரே அளவில் தாக்கவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆறு மாதம் கூடுதலாக ரியூசனுக்குப் போகும். வசதியில்லாத வீட்டில், பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடையில் பதினாறு வயதுப் பையன் கடைக்கோ வாடிக்கோ வேலைக்குப் போவான். கையிற் காசு புழங்கியபின் மீண்டும் பாடசாலைக் காற்சட்டைக்குள் நுழைவது எளிதன்று. கணித, விஞ்ஞானப் பிரிவுகளில் அகில இலங்கையிலும் முன்னிலை பெறும் மாணவரை அனுப்பிய யாழ்ப்பாணம் அமைந்துள்ள அதே வட மாகாணம், சாதாரண தரப் பெறுபேற்று வரிசையில் கடைசி நிலைகளில் நின்ற ஆண்டுகளும் உண்டு. எமது பத்திரிகைப் பக்கங்கள் இவ்விரண்டில் முன்னதையே கண்டன.

கையைப் பிடித்து எழுதுவித்தல்

2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து ஏடு தொடக்கி, பாடசாலைக்குப் போய் இரண்டு மாதம் கழியுமுன் வாசல் மூடிக்கொண்டது. எழுத்தைக் கையைப் பிடித்து எழுதுவித்துத்தான் பழக்க வேண்டும். லகர, ளகர, ழகர வேறுபாட்டை ஆசிரியையின் வாயைப் பார்த்துத்தான் பிள்ளை பழகும். முதலில் வாசல் மூடியிருந்தது. பின்னர் திறந்தபோது வாய் மூடியிருந்தது. இப்பிள்ளைகள் 2024 செப்டெம்பரில் புலமைப்பரிசில் பரீட்சைக்கு அமர்ந்தார்கள். சாதாரண தரத்துக்கு அமரும்போது இந்தத் தசாப்தம் முடிந்திருக்கும். அதுவரை எமது வகுப்பறைகளில் பெருந்தொற்று அமர்ந்திருக்கும்.

படிப்பு மட்டும் அன்று. சேர்ந்து விளையாடுதல், சண்டையிட்டுப் பின் கோபம் தீர்த்தல், வரிசையில் நிற்றல் ஆகியவையும் பாடசாலை கற்றுத்தருபவையே. செத்தவீட்டுக்கு ஊரே திரளும் சமூகத்தில், பேரனாரின் முகத்தைக் கடைசியாகப் பாராமலே பிள்ளைகள் அவரை இழந்தார்கள். எட்டுச் செலவும் அந்தியேட்டியும் சுருங்கின. எமது மண்ணின் மனவடுவைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், அழிவு தனிமனிதரின் மனத்தை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகின்றது என்பதைப் போர்க்காலத்து அனுபவத்திலிருந்து எடுத்துக்காட்டியிருக்கின்றார். சடங்கும் கூடலும் அக்காயத்துக்கு மருந்தாவதையும் அவர் வலியுறுத்தி வந்தார். கொரோனாக் காலத்தில் காயம் வந்தது, மருந்து தடைசெய்யப்பட்டிருந்தது. போரில் பிள்ளைகளாக இருந்தவர்களே இப்போது பெற்றோர். பூட்டிய வீட்டுக்குள் அவர்களுடைய பழைய பயமும் விழித்துக்கொண்டதைப் பல குடும்பங்களில் கண்டேன்.

தேடிப் போனவர்கள்

இவ்வளவையும் எழுதியபின் இழப்பு மீட்க முடியாதது என்று முடிப்பது தவறாகும். பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கும் பாடசாலைகள் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு மூடியிருந்தன. 2021 ஒக்ரோபரில் தமிழக அரசு "இல்லம் தேடிக் கல்வி" என்ற திட்டத்தைத் தொடங்கி, ஊர்களிலுள்ள தன்னார்வலர்களைக் கொண்டு மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது. கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளைக் கொண்டு அபிஜித் சிங், மொறிசியோ றொமேறோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் நடத்திய ஆய்வின்படி, 2021 டிசம்பரில் பிள்ளைகள் கணிதத்திலும் மொழியிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தனர். ஆனால் பாடசாலை திறந்து ஆறு மாதங்களுக்குள் அவ்விழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டிருந்தது. அம்மீட்சியில் ஏறத்தாழக் காற்பங்கு மாலை வகுப்புகளால் வந்ததாகவும், வறிய பிள்ளைகளே அதனால் கூடுதல் பயன் பெற்றதாகவும் அவர்கள் கண்டனர்.

இழப்பு விதியன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தேடிப்போக ஆளிருந்தால் பிள்ளை திரும்பி வரும். எமக்கும் அது தெரியாததன்று. போர் உச்சத்தில் இருந்த 1990களின் நடுப்பகுதியில் போலியோச் சொட்டுமருந்து கொடுப்பதற்காக இருதரப்பும் துப்பாக்கிகளை ஓய்வாக வைத்திருந்த நாட்கள் இருந்தன. அன்று குடிசை குடிசையாகப் போய், ஒரு பிள்ளையும் விடுபடவில்லை என்று குறித்துக்கொண்டு வந்தார்கள். 1993 ஆம் ஆண்டின் பின் இலங்கையில் போலியோ நோயாளர் எவரும் கண்டறியப்படவில்லை. விடுபட்ட பிள்ளையைத் தேடி எண்ணிய அந்த வழக்கத்தைக் கல்வித்துறையில் நாம் கைக்கொள்ளவில்லை. பதினாறு வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம் என்ற விதி 2016 முதல் உண்டு. இடைவிலகிய பிள்ளைகளைக் கண்டறியக் குழுக்களும் உண்டு. அவற்றுக்கு முன்னால் யாரேனும் பெயர்ப் பட்டியலை வைக்க வேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் பரிசில் நிதியும் வளைவும் மண்டபமும் தருகின்றன, நன்று. அடுத்த கூட்டத்தில் அதிபரிடம் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: 2020 இல் ஆறாம் ஆண்டு இடாப்பில் இருந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் பதினோராம் ஆண்டு வரை வந்தார்கள்? வராதவர்கள் எங்கே? மண்டபத்துக்குச் செலவாகும் பணத்தின் ஒரு சிறு பகுதி போதும், அவர்களைத் தேடிப்போகும் ஒருவருக்குச் சைக்கிளும் வேதனமும் கொடுப்பதற்கு.

இக்கட்டுரைக்காக, சிறிய பாடசாலை ஒன்றின் அதிபர் அந்த ஆண்டின் இடாப்பை எனக்குக் காட்டினார். பாடசாலையின் பெயர் இங்கு வேண்டாம். மூன்று கொரோனா ஆண்டுகளிலும் அதில் வெறுமையான பக்கங்களே மிகுதி. அதன் பின்னர் வரும் பக்கங்களில் சில பெயர்களுக்குக் குறுக்கே சிவப்பு மையால் கோடு இழுக்கப்பட்டிருந்தது. காரணம் எழுத வேண்டிய நிரலில் சிலவற்றுக்கு "விலகல்" என்ற ஒரு சொல். சிலவற்றுக்கு அதுவும் இல்லை. வகுப்பாசிரியை பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராக விரல் வைத்து, இவன் இப்போது இன்ன கடையில் நிற்கின்றான், இவள் வீட்டில் இருக்கின்றாள் என்று சொல்லிக்கொண்டு வந்தார். எல்லோரையும் அவருக்குத் தெரிந்திருந்தது. "நீங்கள் ஒருவர்தான் சேர் வந்து கேட்டிருக்கிறீங்கள்" என்றார்.

மேசன் நண்பரின் மகள் சாதாரண தரம் எழுதவில்லை. தையல் பழகுகின்றாள். படிக்க விருப்பமா என்று கடந்த மாதம் கேட்டேன். உடனே பதில் வரவில்லை. சற்றுப் பொறுத்து, "தனியாள் பரீட்சார்த்தியா எழுதலாமோ மாமா?" என்று கேட்டாள். எழுதலாம் என்று சொன்னேன். விண்ணப்பப் படிவத்தை இந்த வாரம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.